பாட்டுக்குப் பின்னால் யாரோ இருந்தாக வேண்டும்

ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். நீங்கள் சோப்பு வாங்கப் போயிருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவர் கண்ணை மூடி, தலையை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, உங்கள் முழங்கையைத் தொட்டு, "இந்த வரி எப்படி வந்துச்சு தெரியுமா?" என்பார். தெரியாது என்றால் அரை மணி நேரம். தெரியும் என்றால் முக்கால் மணி நேரம், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்தது தப்பு என்று முதலில் நிரூபித்தாக வேண்டும்.

இவர் பாட்டு எழுதுகிறவர் அல்ல. பாடுகிறவரும் அல்ல. எழுதியவருக்கு என்ன வந்தது என்று விசாரிக்கிறவர்.

மழைப் பாட்டு என்றால் எழுதியவர் வீட்டுக் கூரை ஒழுகியிருக்க வேண்டும். தாலாட்டு என்றால் பிள்ளை பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை என்றால் பிறக்காத ஏக்கம். நிலாப் பாட்டு என்றால் அன்றைக்கு மின்சாரம் போயிருக்க வேண்டும். பிரிவுப் பாட்டு என்றால்? கேட்கவே வேண்டாம். ஒரு பெண். அதுவும் மனைவி அல்லாத பெண். மனைவிதான் அடுப்படியிலேயே நிற்கிறாளே, அவளை எப்படிப் பிரிவது?

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவர் இருந்தார். தெருவில் அவருக்கு 'ஆதாரம்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கு" என்று முடிப்பதால் வந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம், தீப்பிடித்த கடைகளுக்கும் கவிழ்ந்த லாரிகளுக்கும் காரணம் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். காரணமில்லாமல் ஒரு தீக்குச்சிகூட எரியாது என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்ற மறு வாரமே தீயை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட பாட்டுக்காரர் இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. எழுதிய பாட்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஆதாரத்தின் முன்னறையில் இதற்கென்று நாற்பத்தாறு கோப்புகள் அடுக்கியிருந்தன. பாட்டுக்காரருக்குப் பல் பிடுங்கிய தேதிகள் தனிக் கோப்பு. மூக்குக்கண்ணாடி மாற்றியது தனிக் கோப்பு. கண்ணாடி மாற்றிய மாதத்தில் எழுதிய பாட்டில் 'தெளிந்த வானம்' என்று வருவதை அவர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்.

"அந்தாளுக்கு எந்த வருஷம் எத்தனாந்தேதி ஜுரம் வந்ததுன்னு சொல்றீங்க. எனக்கு நேத்துலேர்ந்து ஜுரம். யாராவது கேட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி.

"கேட்கறேன், கேட்கறேன். இந்தப் பக்கம் முடியட்டும்."

எட்டு வருடம் உழைத்து அறுநூற்றுப் பதினாலு பக்கம் எழுதி முடித்தார். புத்தகத்தின் உயிர் ஏழாம் அத்தியாயத்தில் இருந்தது. பாட்டுக்காரரின் மனைவி கொடுத்த பிஸ்கட் டின்னில் நாற்பத்து மூன்று கையெழுத்துத் தாள்கள் கிடைத்திருந்தன. அவற்றில் முப்பத்தொன்று, மேலே போட்டிருந்த தேதிப்படி, திங்கட்கிழமை எழுதியவை. ஏன் திங்கள்? ஆதாரம் மூன்று மாதம் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் யோசித்தார். ஒரு நாள் தாள் ஒன்றைத் திருப்பினார். முன்பக்கத்தில் அந்தப் புகழ்பெற்ற பாட்டு:

*வருவேன் என்றாய், நாலு நாள் இருக்கு;
நாளுக்கு நாள் நான் நூலாய் இளைத்தேன்.*

பின்பக்கத்தில், அதே கையெழுத்தில்: 'தோள் பதினாலு. இடுப்பு இருபத்தெட்டு. கை ஒன்பது. இடது தோள் கொஞ்சம் இறக்கம். வெள்ளி சாயங்காலம் கட்டாயம். வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்.'

 திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள்? நாலு. வேறென்ன வேண்டும்? பாட்டுக்காரருக்கு ஒரு பெண் இருந்தாள். மெல்லிய இடை. திருமணமானவள். வெள்ளிக்கிழமை வருவாள். 'கை ஒன்பது' மட்டும் பிடிபடவில்லை. ஒன்பது தடவை கைப்பிடித்திருக்கலாம் என்று ஊகமாக எழுதி வைத்தார். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே கை என்று கையெழுத்து நிபுணர் ஒருவரிடம் சான்றிதழும் வாங்கி நாலாம் பின்னிணைப்பாகச் சேர்த்தார். எட்டிலிருந்து பதின்மூன்று வரையுள்ள அத்தியாயங்கள் அந்த ஒரு தாளின் மேல் கட்டியவை.

பாட்டுக்காரரின் மனைவிக்கும் புத்தகத்தில் இடம் இல்லாமல் இல்லை. பத்தொன்பதாம் பக்கம், மூன்றாம் அடிக்குறிப்பு: 'இவர் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்துவந்தார். பாட்டுகளுக்கு இதனோடு தொடர்பில்லை.'

பாட்டு வரிகளை அச்சிட அந்த அம்மாளின் சம்மதம் வேண்டும். "கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க, அன்னிக்கே அச்சுல ஏத்திடறேன். இல்லாட்டி ஒரு பக்கம்கூட ஓட்ட மாட்டேன்" என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். எட்டு வருட உழைப்பு ஒரு கிழவியின் கையெழுத்தில் வந்து நின்றது.

ஒரு புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு ஆதாரம் அந்த வீட்டு மாடிப்படி ஏறினார். படி பதினெட்டு. எண்பத்தொரு வயது அம்மாள் கதவைத் திறந்தாள். சின்ன அறை. ஜன்னலோரம் மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் போர்வை போர்த்திய ஏதோ ஒன்று. டீ வந்தது. அவர் தொண்டையைச் செருமினார். எரிந்துபோன கடை முதலாளிகளிடம் பேசிப் பழகிய குரல்.

"அம்மா, ஏழாம் அத்தியாயம் உங்களுக்கு வருத்தமா இருக்கலாம். ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா."

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி. டீ ஆறுது, குடிங்க."

அவர் குடிக்கவில்லை. படித்தார். மெல்லிய இடையாள், மணமானவள், வெள்ளிதோறும் வந்தவள் என்று பதினோரு பக்கம் ஏற்ற இறக்கத்தோடு படித்து முடித்தார். நிமிர்ந்தபோது அம்மாள் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

"அவர் எங்கயும் போனதில்லையே தம்பி. கடைக்குக்கூட நான்தான் போவேன்."

"அதைத்தாம்மா சொல்றேன். அவர் போகல. அவங்க இங்க வந்திருக்காங்க."

"இங்கயா? அப்ப நான் எங்க இருந்தேன்?"

"அது இன்னும் கிடைக்கலம்மா. எட்டாவதுல ஊகமா வெச்சிருக்கேன்."

 நாற்பத்து நாலு வருடம் ஒரே அறையில், ஒரே ஜன்னலோரம் வாழ்ந்தவள். அந்த வருடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிற மாதிரி இருந்தது முகம். ஆதாரத்துக்கே ஒரு கணம் என்னவோ போல் ஆயிற்று. ஒரு கணம்தான். நாலாம் பின்னிணைப்பு நினைவுக்கு வந்ததும் சரியாகிவிட்டார்.

"அந்தத் தாளைக் காட்டுங்க."

கொடுத்தார். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் கைக்குட்டையை எடுத்தார். அவள் சிரிப்பு அடங்க முழுதாக ஒரு நிமிடம் ஆயிற்று. டீ விரிப்பெல்லாம் கொட்டியது.

"அட, நம்ம டீச்சரம்மா! நோட்டுப் பையைத் தூக்கித் தூக்கி இடது தோள் அவளுக்கு அரை இன்ச் இறங்கியிருக்கும். எந்தச் சட்டை தைச்சாலும் அந்தப் பக்கம் பிடிக்கும். அளவுச் சீட்டு தம்பி இது!"

"அம்மா, கையெழுத்து அவரோடது. நிபுணர் சான்றிதழ் இருக்கு."

"எழுதின கை அவரோடது. அளந்த கை என்னோடது. வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டு நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்குவார். பேர் எழுத மாட்டார், தோளைப் பார்த்தாலே யாருன்னு எனக்குத் தெரியும். சீட்டோட ஒரு பக்கம் சும்மாத்தானே கிடக்கு? வெத்துப் பக்கத்துல பாட்டு எழுதுவார்."

"திங்கட்கிழமை..."

"அளவெடுக்கிற நாள். வாரத்துக்கு அன்னிக்குத்தான் வீட்டுல காகிதம் சேரும். அன்னிக்கே தேதியைப் போட்டு உட்கார்ந்துடுவார்."

"வெள்ளி சாயங்காலம்?"

"துணி குடுக்கிற நாள்."

"பாட்டுலயே நாலு நாள்னு வருதேம்மா!"

"முதல்ல பதினஞ்சு நாள்னு வெச்சார். மெட்டுக்குள்ள அடங்கல. நாலுதான் உட்கார்ந்துச்சு."

ஆதாரம் கடைசிக் கொழுகொம்பைப் பிடித்தார். "வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்னு இருக்கே. அது எதுக்கும்மா?"

"முன்னாடி அவளுக்கு இடுப்பு இருபத்தாறு தம்பி. ரெண்டு இன்ச் ஏறிடுச்சு. அது அவருக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லிட்டா."

ஏழு போயிற்று. ஏழோடு எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. மனதுக்குள் கூட்டினார்: இருநூற்று முப்பத்தெட்டுப் பக்கம். அவர் நெற்றி வியர்த்ததைப் பார்த்து அம்மாள் வேறு டீ கொண்டுவந்தாள். ஆனால் கண்டிப்பாகச் சொன்னாள்.

"டீச்சரம்மா இன்னும் இருக்கா. அவ வீட்டுக்காரரும் இருக்கார், தினம் காலையில கம்பூன்றி நடக்கிறார். அவளைப் பத்தி ஒரு எழுத்து வந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"உங்களுக்குப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு தானே தெரியணும்? நான் சொல்றேன். மெஷினை மிதிச்சுக்கிட்டே இருப்பேன். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் வரி சொல்வார். நேர்த் தையல்னா நீளமா வரும். காலர் திருப்பும்போது நிறுத்தி நிறுத்தி மிதிப்பேனா, வரியும் துண்டு துண்டா வரும். நூல் அறுந்து நான் நின்னுட்டா அவரும் நின்னுடுவார். 'ஏய், மிதி, மிதி, போயிடப்போகுது'ன்னு கத்துவார்."

வாசகரே, எட்டு வருடமாக அவர் தேடியது இதுதான். ஒரு பாட்டுக்காரனின் வாழ்க்கை பாட்டுக்குள் நுழைந்த வழியை, கூட இருந்து மிதித்தவளே வாய் திறந்து சொல்கிறாள். ஆதாரத்தின் பேனா திறந்தே இருந்தது. நோட்டும் இருந்தது. எழுதினாரா?

"அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?"

"மெஷின் இருக்கு." மூலையில் போர்வையைக் காட்டினாள்.

"மெஷினை எப்படிம்மா பின்னிணைப்புல சேர்க்கிறது?" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

பேனாவை மூடப் போனார். மூடவில்லை. கண் மெல்ல விரிந்தது. இந்த இனத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாது, தீ எரிக்காது.

"அம்மா! ஒவ்வொரு சீட்டும் எழுதும்போது அவருக்கு எதிர்ல யார் நின்னாங்க?"

"நான்தான்."

"திங்கட்கிழமை யார் இருந்தாங்க? வெள்ளிக்கிழமை யார் இருந்தாங்க?"

"நான்தான். வேற எங்க போவேன்?"

"அப்ப அந்தப் பொண்ணு நீங்கதாம்மா! மனைவியையே ரகசியக் காதலியா நினைச்சுப் பாடியிருக்கார். முப்பத்தொரு பாட்டு! ஒரு அத்தியாயமும் போகாது. 'அவள்' வர்ற இடத்துல எல்லாம் 'மனைவி'ன்னு மாத்தினாப் போதும்."

"என்ன தம்பி இது! இருபத்தெட்டுன்னு போட்டிருக்கே. எனக்கு அப்பவே முப்பத்தாறு."

"அதுக்கு எழுத்துல ஏதாவது இருக்காம்மா?"

"என்னை யாரு அளந்தா? நான்தானே எல்லாரையும் அளந்தேன்."

"அப்ப இருபத்தெட்டுக்குத்தாம்மா ஆதாரம் இருக்கு."

அம்மாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். உனக்கென்று ஒரு பாட்டு எழுதினேன் என்று அந்த மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை. வாயில் குண்டூசி இருக்கும்போது யார் கேட்பார்கள்? இப்போது ஒன்றல்ல, முப்பத்தொன்று. அச்சில், சான்றிதழோடு. பதினொன்று நாற்பத்தேழுக்கு அவள் பேனாவுக்காகக் கையை நீட்டினாள்.

"அந்த இடது தோள் இறக்கத்தை மட்டும் எடுத்துடுங்க தம்பி. மத்தது இருக்கட்டும்."

கையெழுத்து நடுக்கமில்லாமல் விழுந்தது. ஆதாரம் பதினெட்டுப் படியையும் துள்ளிக்கொண்டு இறங்கினார். புத்தகம் வந்தது, நன்றாகவே போகிறது என்று கேள்வி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த அம்மாள் பேனா வாங்கிய இடத்தில், 'இது எங்கோ உண்மையாகவே நடந்திருக்கிறது, எழுதியவருக்கு அந்த வீடு தெரியும்' என்று உங்களுக்குத் தோன்றியதா? அந்தப் பாட்டுக்காரர் யாராக இருக்கும் என்று இரண்டு பேரையாவது மனதில் நிறுத்திப் பார்த்தீர்களா? அப்படியானால் உடனே ஒரு கோப்பு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தனி ஆளும் இல்லை. இதைத் தட்டச்சு செய்தவர் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, கதவைச் சாத்தி, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சும்மா சொல்லுங்க சார், அந்த டீச்சர் எந்தப் பள்ளிக்கூடம்?"