பிட்சருக்கு எங்கே வலி?

"தோள்பட்டை போச்சு! சத்தியமா தோள்பட்டைதான்!" என்று அன்செல்மோ மேஜையைக் குத்தியதில், வறுத்த வாழைக்காய்த் துண்டு ஒன்று எகிறி அவன் மனைவி பிரிஜிதாவின் மடியில் விழுந்தது.

"முழங்கை, மச்சான். பந்தை விடறப்ப மூஞ்சியைச் சுளிக்கிறான் பாரு" என்றான் ரூமால்டோ. அவன் பிரிஜிதாவின் தம்பி. சாப்பாட்டு வேளை தவறாமல் வந்துவிடுபவன்.

சான் பெத்ரோ நகரத்தில் பேஸ்பால் பருவம் தொடங்கியதிலிருந்து பிரிஜிதா வேறு பேச்சையே கேட்கவில்லை. நீலக் கொக்குகள் அணிக்காகப் பந்து எறியும் பிட்சர் எலியேசர் போன வருஷம் ஊருக்கே செல்லப்பிள்ளை. இந்த வருஷம் அவன் எறிந்த பந்தையெல்லாம் எதிரணிக்காரர்கள் மைதானத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"சோம்பேறிப் பய! இந்த வருஷம் பூரா மாதிரி நாளைக்கும் முன்வரிசையில உட்கார்ந்து நான் போடற சத்தத்துல அவன் காது கிழியணும்" என்றான் அன்செல்மோ.

பிரிஜிதாவுக்கு மனசு கேட்கவில்லை. அவள் பல் டாக்டர் மிலாக்ரோஸிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். அந்த எலியேசர் மூன்று முறை கன்னத்தைப் பிடித்தபடி அங்கே வந்திருக்கிறான். அவள் எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தையே பரிதாபமாகப் பார்த்து, வியர்த்து வழிந்து, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போவான். காபி கொடுத்தாலும் வேண்டாம் என்று தலையாட்டுவான். ஆனால் வெளியே சொல்ல முடியாது. 'இங்க யார் வந்தாங்கன்னு மூச்சு விட்டா, மறுநாள் உனக்கு வேலை இல்ல' என்பது டாக்டரின் கண்டிப்பு.

"பாவம், திட்டாதே. அவரு கையில ஒண்ணும் இல்ல" என்றாள்.

இருவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சும்மா சொன்னேன்."

"கையில இல்லன்னா, கால்லயா?"

"கால்லயும் இல்ல."

"அப்ப இடுப்பு!"

"ஐயோ, எங்கயும் இல்லப்பா! ஒரு வாய் மென்னு முழுங்க முடியாத மனுஷன் எப்படிப் பந்து எறிவான்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரூமால்டோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"சாப்பிடலையா? மச்சான், இது டெங்கு!"

அவள் தடுப்பதற்குள் இருவரும் மூலைக்கடைக்கு ஓடிவிட்டார்கள். அங்கே டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டைகளை அப்படியே போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் கிளம்பினார்கள். மறுநாள் காலையில் வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சி நடத்தும் ஃபாஸ்தினோ, எலியேசருக்கு டெங்கு என்று தழுதழுத்தார். தெருப் பெண்கள் சூப்புப் பானைகளைச் சுமந்துகொண்டு எலியேசரின் தாயார் வீட்டுக்குத் திரண்டு போனார்கள். கதவைத் திறந்த அந்த அம்மாள், கூட்டத்தையும் பானைகளையும் கண்டு, மகன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றே நினைத்து மயங்கி விழுந்தாள்.

இதைக் கேள்விப்பட்ட பிரிஜிதா, கிளினிக் கழிப்பறைக்குள் புகுந்து தாழிட்டு, மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றி வானொலிக்குப் போன் செய்தாள்.

"எலியேசருக்கு டெங்கு இல்லைங்க. டாக்டர்கிட்ட வந்தப்ப நல்லாத்தான் நடந்து வந்தாரு."

"எந்த டாக்டரும்மா?"

"டாக்டர்னா... அந்த மாதிரி டாக்டர் இல்லைங்க."

"வேற எந்த மாதிரி?" ஃபாஸ்தினோவின் குரல் தாழ்ந்தது. "மந்திரவாதியா?"

"மந்திரவாதியா? ஐயய்யோ, வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும்!" என்று பதறிப் போனை வைத்துவிட்டாள்.

"கேட்டீங்களா நேயர்களே? மந்திரவாதி வீட்டு வேலைக்காரம்மாவே உடைச்சுட்டாங்க. நம்ம பையனுக்கு யாரோ செய்வினை வெச்சிருக்காங்க!"

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது, அன்செல்மோ இரவல் வாங்கிய ஒலிபெருக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரூமால்டோ தீர்த்தப் புட்டியும் ஒரு கட்டு மூலிகையுமாக நின்றான்.

"இனிமே திட்ட மாட்டேன், பிரிஜிதா. அவன் எறியறப்பல்லாம் இதுல ஜெபம் சொல்லிச் செய்வினையை விரட்டப் போறேன். குரல் இருக்கு எனக்கு."

"செய்வினையெல்லாம் கிடையாது. கத்தாதே, கால்ல விழறேன்!"

"இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பிரிஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"பாத்தியா மாப்ளே, உங்க அக்காவே நடுங்கறா" என்றான் அன்செல்மோ.

அன்றிரவு ஆட்டத்தில் எலியேசர் பந்தெறியும் மேட்டில் ஏறிப் பந்தைக் கையில் எடுத்ததும், முன்வரிசையிலிருந்து ஒலிபெருக்கி முழங்கியது. தீர்த்தம் பறந்தது. எலியேசரின் முதல் பந்து அதைப் பிடிக்கவேண்டிய கேட்சரின் தலைக்கு மேலே போய் வேலியில் மோதியது. இரண்டாவது, மட்டைக்காரனின் முதுகைப் பதம்பார்த்தது. மூன்றாவது, ஓரமாக நின்று சிறகடித்துக்கொண்டிருந்த அணியின் கொக்கு வேஷக்காரனை மல்லாத்தியது. மேனேஜர் வந்து எலியேசரின் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். கொக்குகள் தோற்றார்கள். இன்னும் ஒரே ஆட்டம், அதிலும் தோற்றால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

"செய்வினை ரொம்பப் பலமா இருக்கு. அடுத்த ஆட்டத்துக்கு ரெண்டு ஒலிபெருக்கி" என்று வழியெல்லாம் புலம்பினான் அன்செல்மோ.

மறுநாள் பிரிஜிதா, போனால் போகிறது வேலை என்று டாக்டரின் அறைக்குள் நுழைந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"எல்லாம் என்னாலதான் டாக்டர். அவருக்குப் பல்வலின்னு ஒரு வார்த்தை உடைச்சுச் சொல்லியிருந்தா, இந்த டெங்கு, செய்வினை ஒண்ணுமே வந்திருக்காது."

டாக்டர் மிலாக்ரோஸ் கையுறைகளைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். இனிமே மறைச்சுப் பிரயோஜனம் இல்ல. அவரு பல்லுல ஒரு குறையும் கிடையாது பிரிஜிதா. தான் எறியற அன்னிக்கு மட்டும், முன்வரிசையில கத்தியே கையைத் தடுமாற வைக்கிற உன் வீட்டுக்காரரை வீட்டுலயே பிடிச்சு வெச்சுக்க முடியுமான்னு உன்கிட்ட கேக்கத்தான் பல்வலின்னு நடிச்சு மூணு தடவையும் வந்தாரு. உன் முகத்தைப் பாத்ததும் தைரியம் வராம, பல்லை மட்டும் சுத்தம் பண்ணிக்கிட்டுப் போயிட்டாரு."