ஐம்பதாம் கோடு

முருகையா வாத்தியார் குனிந்தார். எதிரே நின்ற ஜப்பானிய அதிகாரியும் குனிந்தார்.

ஊரே ஜப்பான்காரனுக்குக் குனிகிற காலத்தில், ஜப்பான்காரன் தனக்குக் குனிந்தால் எங்கே போய்ச் சொல்வது? வாத்தியார் அவரைவிடத் தாழக் குனிந்து ஒரு கும்பிடு போட்டு வைத்தார்.

கோலா பிலாப் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் அன்று விஞ்ஞானப் பாடத்தை அதிகாரி சோதிக்கும் நாள். அளவுக் குழாயில் ஐம்பதாம் கோடு வரை தண்ணீர் பிடிக்க வேண்டும். ரப்பர் பாலை உறைய வைக்கும் திராவகத்தை அந்தத் தண்ணீரில்தான் கலப்பார்கள். அளவு பிசகினால் கை வெந்துவிடும். பாடம் தேறினால் பிள்ளைகளின் மதியக் கஞ்சிக்கு ஒரு மூட்டை அரிசி. இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு.

குழாயில் தண்ணீர் நடுவே பள்ளமாக நிற்கும். கண்ணை நேராக வைத்து அந்தப் பள்ளத்தின் அடியைப் பார்க்கவேண்டும். அதற்குக் குனியவேண்டும். குனிந்தால் அதிகாரியும் குனிகிறார், பாவி மனுஷன்; அதற்கு இன்னொரு கும்பிடு போடவேண்டியிருக்கிறது.

மூன்று நாளாக மரவள்ளிக்கிழங்கு தவிர எதுவும் காணாத வயிறு. கண்ணாடிக் குழாய்க்குள் ரப்பர் இலைகளின் நிழல் பச்சையாக நீந்த, வாத்தியாருக்குத் தாமும் உள்ளே மிதப்பது போலிருந்தது. சுகமாகத்தான் இருந்தது.

"மாஸ்டர், தூங்கிறாதீங்கலா," என்றார் மொழிபெயர்க்க வந்த தோட்டக் கணக்குப்பிள்ளை, கிராணி அர்ச்சுனன்.

குனியாமல் பார்க்க ஒரு வழி தோன்றியது. புத்தகங்களை அடுக்கிக் குழாயை மேலே வைத்தார். குள்ளமான அதிகாரி குதிகாலை உயர்த்தி எம்பினார். தாம் உயரமாக நிற்பதில் கோபமாக்கும் என்று வாத்தியார் தோளைக் குறுக்க, முழங்கை இடித்துப் பாதித் தண்ணீர் மேசையில் ஓடியது.

"கிராணியாரே, கோவமா இருக்காரா?"

"இன்னும் வாயே தொறக்கலையே."

மறுபடி ஊற்றி, குழாயைத் தரையில் வைத்து மண்டி போட்டார். இதற்குக் கீழே யார் குனிய முடியும்? இடுப்பு வாள் தரையில் உரச, அதிகாரியும் மண்டி போட்டார்.

தலை போனது போனதுதான். போகிற தலை அளவையாவது சரியாகப் பார்த்துவிட்டுப் போகட்டும். வாத்தியார் பயத்தை விட்டார். பச்சை வெளிச்சத்துக்குள் பள்ளம் அசையாமல் நின்றது.

"ஒரு சொட்டு குறையுது," என்று முனகி, ஒரே சொட்டு விட்டார். "இப்ப ஐம்பது."

அதிகாரி முதல் முறையாக வாய் திறந்து, நீளமாக ஏதோ சொன்னார்.

"அரிசி உண்டாம், மாஸ்டர்," என்றார் அர்ச்சுனன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அவங்க ஊர்ல இவரும் சயின்ஸ் வாத்தியாராம். இவ்வளவு நேரமும் அளவு பார்க்கத்தான் குனிஞ்சாராம்; நீங்க ஏன் நடுநடுவே கும்பிட்டீங்கன்னு கேக்கறாரு."