பவளக்கொடி வீட்டு ராத்தங்கல்

ஒரு காட்டில், ஆலமரத்தடி வளையில், பவளக்கொடி என்ற முயலும் அவள் கணவன் மருதையனும் குடியிருந்தார்கள். ஒற்றை அறைதான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, போனுக்குச் சார்ஜ் போட ஒரே ஒரு பிளக். இரண்டு பேரும் படுத்துவிட்டால் நடுவில் ஒரு கேரட்டை வைக்கக்கூட இடம் இருக்காது. ஆனாலும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அது சிங்கராஜாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்துக் காட்டு மிருகங்கள் உட்பட எல்லாரும் வந்து அடையாள அட்டைக்குக் கால்ரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கான அலுவலகத்தை ஆலமரத்துக்கு நேர் எதிரே திறந்தார். அங்கே ஒரு குரங்கு தினமும் வந்து உட்காரும். வந்தவர்களுக்கு வரிசை டோக்கன் கொடுக்கும். மிஷினை இரண்டு தட்டு தட்டும். "சர்வர் வேலை செய்யலை, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வேர்க்கடலை உரிக்க ஆரம்பிக்கும். மலை தாண்டி நடந்து வந்தவர்கள் நாளை வரைக்கும் எங்கே போவார்கள்?

மருதையன் வீட்டுக்குத்தான் போனார்கள். அவன் வாசலிலேயே நின்று, "வாங்க வாங்க, நம்ம வீடு இருக்கும்போது நீங்க ஏன் மரத்தடியில கிடக்கணும்?" என்று கூப்பிடுவான். அத்தோடு அவன் வேலை முடிந்தது. வந்தவரை எங்கே படுக்க வைப்பது என்பது பவளக்கொடியின் பாடு.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. முதலில் வந்த வௌவால் தம்பதியைத் துணிக்கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். "பாய் தலையணை எதுவும் கேக்காத விருந்தாளிங்க" என்று சந்தோஷப்பட்டாள். அடுத்து ஒரு கிழ ஆமை வந்தது.

"நீங்கதான் வீட்டையே கூடக் கொண்டு வந்திருக்கீங்களே மாமா" என்றாள் பவளக்கொடி.

"அதுல ஒரு ஆளுக்குத்தாம்மா இடம். கால் நீட்ட முடியாது" என்றது ஆமை. அதை அடுப்போரம் உட்கார்த்தி, பகலில் அதன் முதுகில் காய் நறுக்கிக்கொண்டாள்.

பிறகு வந்தது ஒரு கடமான். அது வளைக்குள் எப்படி நுழையும்? பவளக்கொடி வெகுநேரம் யோசித்து, தலையை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே விடச் சொன்னாள். உடம்பு வெளியே பனியில் நின்றது. "தலை உள்ள இருந்தா உள்ள தங்கின மாதிரிதானே சித்தப்பா?" என்று கேட்டாள். கடமானும் ஒத்துக்கொண்டது. அதன் கொம்புகளில் எல்லாருடைய பைகளையும் மாட்டினார்கள்.

கடைசியாக முள்ளம்பன்றி அத்தை வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் யார் படுக்க முடியும்? அதனால் கட்டில் முழுவதும் அவளுக்கே போயிற்று. மருதையன் அரிசிப் பானைக்குள் சுருண்டுகொண்டான். பவளக்கொடி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே தூங்கப் பழகினாள். பழகவே முடியவில்லை. கண்ணை மூடினால் கடமான் தும்மும். கண்ணைத் திறந்தால் யாராவது பிளக் பக்கம் ஊர்ந்துகொண்டிருப்பார்கள்.

இந்த லட்சணத்தில் கடமான், "தங்கமான வீடு, சொந்த வீடு மாதிரி இருக்கு" என்று காட்டு வாட்ஸப் குரூப்பில் போட்டோவோடு போட்டுவிட்டது. மருதையன் அதை எல்லாரிடமும் காட்டிப் பூரித்துப் போனான். "பாத்தியா பவளம், நமக்கு எவ்வளவு நல்ல பேரு!"

"பேரை விரிச்சுப் படுத்துக்க முடியுமாங்க?" என்றாள் அவள்.

ஒருநாள் மத்தியானம் புல் பறிக்கப் போன பவளக்கொடி, மேட்டுக்காட்டில் நட்டநடுவே அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். மூக்கில் சூடான மூச்சு பட்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். எதிரே நரி நின்றது. வாய் திறந்திருந்தது.

"தின்னுறதா இருந்தா தின்னுடுங்கண்ணே. எழுப்பாம தின்னுங்க, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

நரி வாயை மூடியது. "எத்தனையோ பேரைச் சாப்பிட்டிருக்கேன். ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. என்ன தங்கச்சி, வீட்டுல ஆளுங்களா?"

அந்த ஒரு கேள்விக்கு அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க நரியின் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"என் குகையில மாமனார் வீட்டு ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்கம்மா. அட்டை வாங்காம நகரமாட்டாங்களாம். நான் புதர்ல படுத்துக்கிட்டிருக்கேன். பசிகூட மரத்துப் போச்சு" என்றது. கொஞ்சம் தயங்கிவிட்டு, "உன் வீட்டுல ஒரு மூலை கிடைக்குமா?" என்று கேட்டது.

பவளக்கொடிக்குச் சட்டென்று தூக்கம் கலைந்தது. நரி உள்ளே நுழைந்தால் அடுத்த நிமிஷம் வீடு காலியாகிவிடும். நரி தன்னைத் தின்றாலும் கட்டிலில் படுத்தபடி தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"தாராளமா வாங்கண்ணே" என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நின்று, "எல்லாரும் கேளுங்க! நரி அண்ணன் வந்திருக்காரு. இனிமே இங்கதான் தங்கப் போறாரு!" என்று கத்தினாள்.

வௌவால்கள் தொங்கிய துணிக்கொடி நடுங்கியது. முள்ளம்பன்றி அத்தையின் முட்கள் எழுந்து நின்றன. கடமான் தலையை வெளியே இழுக்கப் பார்த்தது, கொம்பு சிக்கிக்கொண்டது. பவளக்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆமை மெல்லத் தலையை நீட்டியது. "உங்க டோக்கன் என்ன நம்பரு?"

"இன்னும் வாங்கலை" என்றது நரி.

"அப்ப நமக்கெல்லாம் பின்னாடிதான்!" என்றது ஆமை. அறை முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது.

"கொஞ்சம் நகருங்கப்பா. பாவம், அவரும் எங்க போவாரு?" என்றாள் முள்ளம்பன்றி அத்தை. ஆளுக்கு ஆள் ஒதுங்கி, கதவுக்குப் பின்னால் இருந்த பவளக்கொடியின் இடத்தை நரிக்குக் கொடுத்தார்கள். நரியின் வாலை ஆமை தலையணையாக வைத்துக்கொண்டது. யாரும் பவளக்கொடியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளே இல்லாமல் வீடு அவ்வளவு அழகாக நடந்தது.

"தங்கச்சி, சின்ன பின் சார்ஜர் இருக்குமா?" என்று நரி கேட்டபோது அவள் வெளியே போயிருந்தாள்.

ஆலமரத்து வேரில் உட்கார்ந்து தன் வீட்டையே பார்த்தாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். வெளியே காய்ந்த துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். புல் பறித்த பையைத் தோளில் மாட்டினாள். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள்.

"யாரு?"

"வெளியூருங்க. கால்ரேகை பதிய வந்தேன். ஒரு ராத்திரி மட்டும்..."

மருதையன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வாங்க வாங்க! நம்ம வீடு இருக்கும்போது என்ன?"

உள்ளே பரபரப்பு. "தனியா வந்திருக்காங்க. நடந்தே வந்தாப்ல இருக்கு" என்று முள்ளம்பன்றி அத்தை கட்டிலை விட்டே இறங்கிவிட்டாள். வௌவால்கள் இறக்கையால் விசிறின. நரி எழுந்து பையை வாங்கி வைத்தது.

"சாப்பிட்டீங்களா? இருங்க, என் சம்சாரம் இப்ப வந்துடுவா. நல்லா கவனிச்சுக்குவா" என்றான் மருதையன். வாசலுக்குப் போய், "பவளம்! ஏ பவளம்!" என்று நாலு பக்கமும் கூப்பிட்டான். "விருந்தாளி வந்திருக்கிற நேரமாப் பாத்து எங்க போய்த் தொலைஞ்சாளோ" என்று முணுமுணுத்தான். வேறு வழியில்லாமல், கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல்முறையாக அவனே அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினான்.

அவன் கஞ்சியோடு வந்தபோது விருந்தாளி முக்காட்டோடு கட்டிலில் கால் நீட்டி, கை விரித்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மருதையன் ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினான். "எல்லாரும் சத்தம் போடாம இருங்க. அவங்க தூங்கட்டும்" என்றான்.

மறுநாள் சர்வர் வந்துவிட்டது. எல்லாரும் கால்ரேகை பதிந்துவிட்டு அவரவர் ஊருக்குக் கிளம்பினார்கள். வெளியூர் முயல் மட்டும், தான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவதாகப் போர்வைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டாள்.

நீதி: சொந்த வீட்டில் கால் நீட்டிப் படுக்க ஆசைப்படுகிறவர்கள், அங்கே விருந்தாளியாகத்தான் போக வேண்டும்.