அட்டைக்கடி

"நாளைக்கு மலைக்கு நான் போறேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

அப்போது எங்கள் மகள் தமிழினி என்னுடைய செல்போனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டே கால் வயது. போன் வாயைத் திறக்கவில்லை என்று அதன் தலையில் ஒரு அடி போட்டாள். போனைப் பிடுங்குவதா, மனைவியை விசாரிப்பதா என்று எனக்குக் குழப்பம்.

"எந்த மலைக்கு?"

"நமக்கு எத்தன மல இருக்கு? நம்ம தோட்டத்துக்குத்தான். காய் எடுப்பு நடக்குதுல்ல. ஆளுகளப் பாத்துக்கணும், சாயந்தரம் எடை போடணும். நான் போறேன். நீங்க ஒரு நா பாப்பாவப் பாத்துக்கிட்டு வீட்டுல இருங்க."

"எதுக்கு?"

"பாவம் மாமா நீங்க" என்றாள்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈஸ்வரியின் காதுக்குப் போகக்கூடாது.

போடிமெட்டைத் தாண்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் எடுக்கும் பெண்களோடு விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறிப் போவேன், பொழுது சாயத் திரும்புவேன். தோட்டத்திலேயே குடியிருக்கும் கன்னையன்தான் ஆட்களைப் பிரித்துவிடுகிறான். எடை போடுகிறான். காயை உலர்த்த அனுப்புகிறான். நான் என்ன செய்கிறேன்? அங்கே ஒரு கயிற்றுக் கட்டில் இருக்கிறது. அதில் படுத்துத் தூங்குகிறேன்.

சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். தமிழினி பிறந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கியதில்லை. மற்ற குழந்தைகள் ராத்திரி எழுந்தால் அழும். இவள் அழமாட்டாள். எழுந்து உட்கார்ந்து காக்கா கதை கேட்பாள். காக்கா எந்தப் பக்கமாகப் பறந்து வந்தது என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். நாம் தூக்கக் கலக்கத்தில் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டால் கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜீப்பு கிளம்பும்வரை கிடைக்கிற அந்தத் தூக்கம்தான் இந்த உலகத்தில் எனக்கென்று மிஞ்சியிருந்த சொத்து.

சொத்தைக் காப்பாற்றக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. முதலில், வீட்டுக்குள் நுழையும்போதே அட்டைக்கடி என்று முனகிக்கொண்டு நுழைந்தேன். அது பழகிப்போனதும் மழையும் வழுக்கலும் சேர்த்தேன். அதுவும் பத்தாமல் போனபோது யானையைக் கொண்டுவந்தேன். தேவாரம் ஊர்ப் பக்கம் யானை நிஜமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எங்கள் தோட்டத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டேன், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை தவறாமல் வந்தது.

இப்போது சிக்கலைப் பாருங்கள். மலையில் சிரமம் ஒன்றும் இல்லை, தாராளமாகப் போ என்று சொன்னால், நான் வளர்த்த அட்டைகளும் யானையும் ஒரே நாளில் செத்துப்போகும். சிரமம் என்று சொன்னால் அவளுக்கு இன்னும் பாவமாக இருக்கும். பாவமாக இருப்பதால்தான் போகிறேன் என்கிறாள்.

"அட்டை பிச்சுத் தின்னுரும் ஈஸ்வரி."

"உப்புத் துணி கட்டிக்கிறேன்."

"யானை வந்தா?"

"வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒளிஞ்சுக்குவேன்."

"நானும் ஒளிஞ்சுக்குறேன். எனக்கு ஒளியத் தெரியாதா?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆண்பிள்ளைக்கு வழி தெரியாதபோது வீறாப்பு வரும்.

"போயிட்டு வா. பாப்பாவப் பாத்துக்கிறது என்ன பெரிய சோலியா? ரெண்டரை அடி உசரம்."

"அதான" என்றாள் ஈஸ்வரி. அந்த 'அதான' எனக்குப் பிடிக்கவில்லை.

மொட்டை மாடிக்குப் போய்க் கன்னையனைக் கூப்பிட்டேன்.

"கன்னையா, நாளைக்கு ஈஸ்வரி வருது."

"சேச்சியா? வரட்டும்ணே. கொழப்பமில்ல." பல வருஷம் மலையிலேயே கிடந்து அவன் பேச்சில் பாதி மலையாளம் ஊறிவிட்டது.

"கொழப்பம் இருக்குடா. மொதல்ல அந்தக் கட்டில எடு."

"எங்க வைக்கட்டும்?"

"உர ரூம்புல வை. மூட்டைக்குப் பின்னால. மேல சாக்கப் போட்டு மூடு."

"சரிண்ணே."

"அப்புறம், ஈஸ்வரிய மேட்டுல நிக்கவிடாத. ஓடைச் சரிவுக்குக் கூட்டிட்டுப் போ. ரெண்டு தடவ ஏறி எறங்குனா போதும். அதுக்கப்புறம் மலைன்னு பேச்சே எடுக்காது."

"அங்க அட்டை ஜாஸ்தியாச்சேண்ணே."

"அதுக்குத்தான்டா."



"சேச்சி பாவம்ணே."

"நானும் பாவம்தான்" என்று சொல்லி போனை வைத்தேன்.

விடியற்காலை ஜீப்பு வந்தது. டிரைவர் சின்ராசு, "வெரசா வாங்கக்கா" என்று ஆரன் அடித்தான். ஈஸ்வரி என்னுடைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எலெக்‌ஷனில் ஜெயித்தவளைப்போல ஏறி உட்கார்ந்தாள். தமிழினி அழுவாள், அதைப் பார்த்து ஈஸ்வரி இறங்கிவிடுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. தமிழினி டாட்டா காட்டினாள். ஜீப்பு தெருமுனை திரும்பியதும் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். புதிதாகச் சேர்ந்த வேலையாளை முதலாளி பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அந்த வயதுக் குழந்தைக்குத் தெரிந்த வார்த்தைகளில் முக்கியமானது 'நானே'. சட்டையை மாட்டிவிட்டேன். "நானே!" என்று அழுதாள். கழற்றிக் கொடுத்தேன். காலில் மாட்டிக்கொண்டாள். பாலை டம்ளரில் ஊற்றினேன். "நானே!" மறுபடி செம்பில் ஊற்றிக் கொடுத்தேன். தரைக்கு ஊற்றினாள். துடைக்கத் துணியை எடுத்தேன். அதுவும் "நானே!" கொடியில் காய்ந்த என் வெள்ளை வேட்டியை இழுத்து வந்து துடைத்தாள். பிறகு அந்த வேட்டியைத் துவைப்பதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டாள்.

சோறு பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு ரோஜா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, இன்னிக்கி மலைக்குப் போகலையா?"

"ஈஸ்வரி போயிருக்கு."

"ஆத்தாடி! யானை வருமேண்ணே அங்க!"

என் யானைக்குத் தெரு முழுக்கப் பேர் இருந்தது.

"பாப்பா சாப்பிடுதா?"

"வாயே தொறக்கல ரோஜா. அரை மணி நேரமா நிக்கிறேன்."

"மொதல்ல ஸ்கூட்டருக்கு ஊட்டணும்ணே. ஸ்கூட்டருக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். ஈஸ்வரி அப்படித்தான் ஊட்டும். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? காலையில் ஸ்கூட்டரில் காய்ந்திருக்கிற பருக்கைகளைப் பார்த்து, காக்காய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். முகப்பு விளக்குக்குத் தயிர்சாதம் ஊட்டினேன். தமிழினி ஒரு வாய் வாங்கினாள். இன்னொரு வாய் விளக்குக்கு. இன்னொரு வாய் அவளுக்கு. உலகம் என் வசப்படுவது போலிருந்தது. அப்போது அவள் விளக்கைத் தடவிப் பார்த்து, "போதுமாம்" என்றாள். ஸ்கூட்டருக்கு வயிறு நிறைந்துவிட்டது. சாப்பாடு முடிந்தது.

மதியம் மலைக்குப் போன் போட்டேன். நாலைந்து தடவைக்குப் பிறகு சிக்னல் கிடைத்தது.

"சேச்சி எப்படி இருக்கு கன்னையா?"

"ஓடைக்கு எறங்குனாங்க, ஏறுனாங்கண்ணே. உப்புத் துணி கட்டிருந்தாங்க. அட்டை கிட்டவே வரல."

"மறுபடி எறக்குனியா?"

"அதுக்குள்ள உர ரூம்பக் கூட்டணும்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரி வீரலட்சுமிதான் கூட்டுது."

"உர ரூம்பையா? கட்டிலு?"

"சாக்கு போட்டதுதாண்ணே."

எனக்கு மனசு இளகிவிட்டது. சரிவில் ஏறி இறங்கிய களைப்பிலும் உர ரூம்பு சுத்தமாக இல்லையே என்று கவலைப்படுகிறாள். நான் ஒரு நாளாவது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பேனா?

தமிழினியைத் தூங்கவைத்துவிட்டால் நானும் தூங்கலாம் என்று கணக்குப் போட்டேன். சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டினேன். இறங்கிவிட்டாள். பாயில் படுக்கவைத்துத் தட்டினேன். எழுந்து என்னைப் படுக்கச் சொன்னாள். படுத்தேன். "தூங்கு, தூங்கு" என்று என் நெஞ்சில் தட்டினாள். பிஞ்சுக் கை. சுகமாக இருந்தது. கண்ணை மூடினேன். உடனே ஒரு விரலால் என் இமையைத் தூக்கி, "தூங்கிட்டியா?" என்று கேட்டாள். தூங்கிவிட்டேன் என்றேன். திருப்தியாகத் தலையை ஆட்டினாள். மறுபடி தட்டினாள். மறுபடி இமையைத் தூக்கினாள். வலது கண் அலுத்துப்போய் இடது கண்ணுக்கு மாறினாள்.

காலையில் எனக்குப் போட்ட காபி ஆடை கட்டி ஜன்னலிலேயே இருந்தது. வீட்டில் மூலைக்கு மூலை இப்படி ஆடை கட்டிய டம்ளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈஸ்வரிக்குக் காபி குடிக்கத் தெரியவில்லை என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

இமை வலிக்க ஆரம்பித்ததும் மறுபடி போன் போட்டேன். கன்னையன் கிசுகிசுவென்று பேசினான்.

"சத்தமாப் பேசாதீங்கண்ணே."

"ஏன்டா?"

"யானை."

"என்னது?"

"யானைண்ணே. பக்கத்துலதான் நிக்கிது."

"ஈஸ்வரி எங்க? ஈஸ்வரி?"

"உர ரூம்புக்குள்ள இருக்காங்க. கதவச் சாத்திக்கிட்டாங்க. ஒண்ணும் ஆகாதுண்ணே. சத்தம் மட்டும் கேக்கக் கூடாது. போன வச்சிருங்க."

தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை.

நான் கூப்பிட்டபோதெல்லாம் வந்துபோன யானை, நான் கூப்பிடாமல் வந்துவிட்டது. தமிழினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். அவள் என் காதைத் திருகி "அம்மா?" என்றாள். "வரும்டா" என்றேன். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று கன்னையன் எப்போதோ சொன்னதாக ஞாபகம். நான்தான் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அவள் பத்திரமாக வந்து சேர்ந்தால் இனி ஒரு நாளும் அவளை மலைக்கு அனுப்புவதில்லை என்று வேண்டிக்கொண்டேன். கட்டிலுக்காக இல்லை. சரி, கட்டிலுக்காகவும்தான். ஆனால் முதலில் அவளுக்காகத்தான்.

அண்டா நிறைய வெந்நீர் போட்டேன். முழங்காலுக்குத் தைலம் எடுத்து வைத்தேன். ஜீப்புச் சத்தம் கேட்டதும் தெருவுக்கு ஓடினேன்.

ஈஸ்வரி இறங்கினாள். நொண்டவில்லை. முனகவில்லை. முகம், கழுவி வைத்த பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தது. தமிழினியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா தங்கம்? ஸ்கூட்டர் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

"யானை வந்துச்சாமே!"

"ஆமா மாமா. எம்புட்டுப் பெருசு!"

"என்ன பண்ணுச்சு?"

"நின்னுச்சு. அப்புறம் போயிருச்சு."

"நீ பயப்படலையா?"

"நீங்க வாராவாரம் பாக்குறதுதான."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஒரு நா போனது போதும் ஈஸ்வரி. எனக்கு மனசு கேக்கல. நாளைக்கு நான் போறேன்."

"வேணவே வேணாம். அந்தக் கஷ்டத்த இன்னிக்கித்தான் கண்ணால பாத்தேன். இனிமே உங்கள அங்க விடமாட்டேன். நாளைக்கும் நான்தான் போவேன்."

"சொன்னாக் கேளு."

"மாட்டேன். நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க."

நிம்மதியா! நான் அவளை மறித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் டியூப்லைட் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. இடது கன்னத்தில், காதோரத்திலிருந்து வாய்வரைக்கும், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் முறுக்கு தெரிந்தது. கயிற்று முறுக்கு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உர ரூம்பு எதற்காகக் கூட்டப்பட்டது, கன்னையன் எதற்காகக் கிசுகிசுத்தான். உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. கையும் களவுமாக அகப்பட்டுவிட்டாள். இனி மலை எனக்குத்தான். அவசரப்படாமல், போலீஸ்காரனைப்போல நிதானமாகக் கேட்டேன்.

"கன்னத்துல என்ன ஈஸ்வரி அது?"

அவள் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இதுவா? அட்டை கடிச்சிருச்சு."

"ஓ. அட்டை. அட்டை கடிச்சா வரிவரியாவா இருக்கும்?"

ஈஸ்வரி தமிழினியை இறக்கிவிட்டு, ஜன்னலிலிருந்த ஆறிப்போன காபியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு வருசமா உங்களுக்கு அப்படித்தான் கடிக்குது. நான் ஒரு நாளாச்சும் கேட்டனா?"

மறுநாளும் அக்காதான் வருகிறது, முன் சீட்டைப் பிடித்து வை என்று சின்ராசுக்கு நானே போன் செய்து சொன்னேன்.