தண்ணி லோரி தாத்தாவின் பை

பிள்ளைகளே, சிறுநீர் டியூப்பைக் கழற்றக் கூடாது என்று டாக்டரிடம் சண்டை போட்ட ஒரே மனிதர், மலேசியாவிலேயே தண்ணி லோரி தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில்காரர். பெயரைக் கேட்டால், "தண்ணி லோரி ஓட்டுனவன்னு சொல்லு, போதும் லா" என்பார். குழாயில் தண்ணீர் நின்றுபோன தாமான் குடியிருப்புகளுக்கெல்லாம் லோரியில் தண்ணீர் கொண்டுபோனவராம்.

எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் குடல் ஆபரேஷன். இருவருக்கும் சிறுநீர் போக ஒரு டியூப், அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பை. நான் அதைப் போர்வைக்குள் ஒளித்துவைத்தேன். அவரோ பசாருக்குக் காய்கறி வாங்கப் புறப்பட்டவர்போல் கையில் பிடித்துக்கொண்டு வார்டைச் சுற்றினார்.

"எப்ப கழட்டுவீங்க, எப்ப கழட்டுவீங்க" என்று ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் மிஸ்ஸியின் உயிரை வாங்கியவரும் அவர்தான்.

அன்று சாயங்காலம் எல்லாக் கட்டிலுக்கும் ஆள் வந்தது. அவர் கட்டிலுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அவர் அடுத்தவர் விருந்தாளிகளிடம் போய் நலம் விசாரித்தார். ஒரு அம்மாவின் மீன் கறியில் புளி போதாது என்றும் சொல்லிவிட்டு வந்தார். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் நீங்கள் கீழே கார் நிற்கும் இடத்திலிருந்து கை காட்டினீர்கள். நான் எழுந்து ஜன்னலுக்குப் போவதற்குள் அவர் அங்கே நின்று, பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் குதித்தீர்கள்.

"அங்கிள்! பைய மேல தூக்காதீங்க! மூத்திரம் திரும்ப உள்ள ஓடும்!" என்று மிஸ்ஸி ஏசினார். இரவு போனில் அவர் யாரென்று நீங்கள் கேட்டபோது, தண்ணி லோரி தாத்தா என்றேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா கழற்ற வந்தால், மனிதர் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் டாக்டர். டேங்கி நெறைய இருக்கறப்ப பைப்பப் புடுங்கக் கூடாது. எனக்குத் தெரியும்."

"இது லோரி இல்ல அங்கிள். டியூப் நாளாக நாளாகக் கிருமி ஏறும், காய்ச்சல் வரும்."

"தம்பிக்கு மட்டும் விட்டு வைக்கிறீங்க?"

"அவருக்கு ரொம்பக் கீழ்க்குடல்ல ஆபரேஷன். இன்னும் மூணு நாள் இருக்கணும். உங்களுக்கு நாளைக்குக் கண்டிப்பா எடுத்துருவேன்."

டாக்டரம்மா போனதும், வலிக்குப் பயமா என்று கேட்டேன். பையைத் தடவினார்.

"வலி கெடக்குது தம்பி. பை இல்லாம நின்னா, ஒம் புள்ளைங்களுக்கு என்னைத் தெரியுமா?"



மறுநாள் கழற்றிவிட்டார்கள். தானாகப் போகாவிட்டால் மறுபடி டியூப் போடுவோம் என்று மிஸ்ஸி மிரட்டினார். மத்தியானம் கழிவறையிலிருந்து, "லோரி ஓடுதுடோய்!" என்று சத்தம் வந்தது. வார்டே கை தட்டியது.

சாயங்காலம் அவர் ஜன்னலுக்கு வரவில்லை. நான்தான் இழுத்து வந்தேன். வெறுங்கையோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"தண்ணி லோரி தாத்தா! பை எங்க?" என்று கீழிருந்து உங்களில் சின்னவள் கத்தினாள்.

"கண்டுபுடிச்சிருச்சுங்க லா" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

அடுத்த நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். புக்கிட் ரம்பாயில் அவருக்கு வீடு இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. அழைத்துப் போகவும் யாரும் வரவில்லை. "வரேன் தம்பி" என்று என் காலைத் தட்டிவிட்டுத் துணிகளோடு தனியாக இறங்கிப் போனார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டு தூங்கிக்கொண்டிருந்தது. நான் மெதுவாக எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கீழே, நீங்கள் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் நின்று அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே மாதிரி ஜன்னல்கள். அவர் கண் ஒவ்வொன்றாகத் தேடியது.

மிஸ்ஸி பார்த்தால் ஏசுவார்தான். போர்வைக்குள் ஒளித்தே வைத்திருந்த என் பையை எடுத்து, தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன்.