மாமனாருக்கு ஒரு சிரிப்பு

லேப்டாப்பைக் குடைந்து எடுத்தும் மாமனாரின் சிரிப்பு ஒன்றுகூட அகப்படவில்லை.

கல்யாணப் படத்தில் சிரிக்கவில்லை. புது வீட்டு வாசலில் சிரிக்கவில்லை. பேத்தி மடியில் ஏறி மூக்கைப் பிடித்து இழுக்கிற படத்தில்கூட, பல் டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரிதான் மனிதர் உட்கார்ந்திருந்தார். கத்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

கத்திரி என்பது ஆபீசில் வைத்த பெயர். லாரிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற ஆள்தான். ஆனால் அங்கே யாராவது வேலையை விட்டுப் போனாலும், யாருக்காவது குழந்தை பிறந்தாலும், வாழ்த்து அட்டை இவர் கையால்தான் வரும். முதலில் கலர் காகிதமும் கத்திரிக்கோலும் பசையுமாக இருந்தவர், பிறகு லேப்டாப்புக்கு மாறிவிட்டார். இப்போதெல்லாம் பூ, ரிப்பன், பட்டாம்பூச்சி, சட்டைப் பொத்தான் எல்லாமே படமாகக் கிடைக்கின்றன. வேண்டியதை வெட்டி, வேண்டிய இடத்தில் ஒட்டி, பிரிண்ட் எடுத்தால் ஆல்பம் தயார். வீட்டில் குப்பை சேர்வதில்லை என்று மனைவிக்கும் நிம்மதி.

ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. வெட்டியெடுத்த துண்டைத் தூக்கி எறிய இவருக்கு மனசு வராது. காகிதமாக இருந்த காலத்தில் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். லேப்டாப்பிலும் 'துண்டு துணுக்கு' என்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

மாமனாருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுபது முடிகிறது. அதற்குத்தான் இந்த ஆல்பம். தேர்ந்தெடுத்த டிசைனோ ஒரே கும்மாளம். பக்கத்துக்குப் பக்கம் பலூன். மூலையில் இருக்கிற சூரியன்கூடப் பல் தெரியச் சிரிக்கிறது. அதன் நடுவே மாமனாரின் படத்தை வைத்தால், போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டின மாதிரி இருந்தது.

மேசையின் அந்தக் கோடியில் மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அப்பா சிரிக்க மாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். அப்படியே போட்டுடுங்களேன்."

"சூரியனே சிரிக்குது. இவர் மட்டும் உர்ருன்னு இருந்தா நல்லாவா இருக்கு?"

"அப்போ சூரியனை எடுத்துடுங்க."

நல்ல யோசனைதான். ஆனால் நல்ல யோசனையை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்கிற வழக்கம் கத்திரிக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அவருக்கு இதில் வேறு ஒரு மனத்தாங்கலும் இருந்தது. மாமனார் பாட்டில் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டியது, உள்ளே குமிழி தெரிந்தால் "செல்லாது" என்று தொட்டியில் போட வேண்டியது. காலமெல்லாம் அதுதான் வேலை. மனிதர் ஓய்வு பெற்றாலும் அந்தப் பார்வை ஓய்வு பெறவில்லை. மாப்பிள்ளை கொடுக்கிற வாழ்த்து அட்டையை ஒரு தடவை பார்ப்பார். "ம்" என்பார். கவிழ்த்து வைத்துவிடுவார். போன பிறந்தநாளுக்குக் கொடுத்த அட்டை நாலாக மடிந்து, ஆடுகிற கட்டில்காலுக்கு அடியில் கிடந்ததைக் கத்திரி தன் கண்ணாலேயே பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ரொம்ப வலித்தது.

அவர் பாராட்டு எதுவும் கேட்கவில்லை. இந்த ஆல்பத்தை மாமனார் பார்த்து முடித்ததும் மூடி வைக்காமல், இன்னொரு தடவை முதலிலிருந்து புரட்ட வேண்டும். அது நடந்தால் போதும்.

முதலில் நேர்வழியில்தான் முயன்றார். மாலையில் மாமனார் வீட்டுக்குப் போய், மொபைலைச் சட்டைப் பைக்குள் தயாராக வைத்துக்கொண்டு, ஆபீசில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த லாரி டிரைவர் கதை ஒன்றைச் சொன்னார். மாமனார் கடைசிவரை கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த லாரி டிரைவரை வேலையிலிருந்து நீக்கினார்களா இல்லையா என்று விசாரித்தார். அப்போது எடுத்த படம், இருந்த படங்களிலேயே மோசமானதாக அமைந்தது.

சரி, சிரிப்பு கிடைக்காவிட்டால் என்ன, தயாரித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

அந்த ஒன்றை விட்டால், மாமனார் தனியாக இருக்கிற படமே கிடையாது. கேமராவைக் கண்டால் நழுவிவிடுவார். மகன்தான், அதாவது கத்திரியின் மச்சான்தான், தோளில் கையைப் போட்டுப் பிடித்து நிறுத்துவான். ஆகவே எல்லாப் படத்திலும் பக்கத்திலேயே மச்சான், வாய் கொள்ளாத சிரிப்புடன். அப்பாவின் வழுக்கையையும் தொப்பையையும் கழித்துவிட்டால் அவரை உரித்து வைத்த பிள்ளை. இரண்டு பேருக்கும் மீசை கிடையாது. சிரிப்பு இங்கேயே கொட்டிக் கிடக்கும்போது வெளியில் எதற்குத் தேட வேண்டும்?

மச்சானின் வாயைப் பிரதியெடுத்து மாமனாரின் வாய் இருந்த இடத்தில் ஒட்டினார். பிசிறு இல்லாமல் பொருந்தியது. எட்டி நின்று பார்த்தபோதுதான் கோளாறு தெரிந்தது. வாய் சிரிக்கிறது, கண் முறைக்கிறது. உன்னை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன் என்று சொல்கிற முகம்.

இது வாயோடு போகிற விஷயமில்லை என்று புரிந்தது. கண்ணையும் எடுத்தார். கண்ணை எடுத்தால் புருவம் ஒத்துவரவில்லை. புருவத்தை எடுத்தால் கன்னம் தனியாகத் தொங்கியது. கடைசியில் நெற்றியிலிருந்து மோவாய் வரை மச்சானுடையதையே ஒட்டி, வயசுக்கு ஏற்ற மாதிரி சுருக்கம் போட்டார். இப்போது வழுக்கைத் தலைக்குக் கீழே ஓர் அருமையான சிரிப்பு. கத்திரிக்கே கண் கலங்கிவிட்டது. அதே சூட்டோடு எல்லாப் பக்கத்தையும் முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் சிவப்புப் பேனாவும் கையுமாக வந்து பார்த்தாள்.

"ஏங்க, எங்க அண்ணன் ஏன் ரெண்டு பேரா நிக்கறான்?"

பார்த்தால், ஆமாம். பக்கத்தில் பக்கத்தில் ஒரே சிரிப்பு, ஒரே கன்னக்குழி, ஒரே மாதிரி ஒற்றைப் பக்கம் தூக்கிய புருவம். ரப்பர் ஸ்டாம்பால் குத்தினது போல இருந்தது. ஆசையில் அது கண்ணில் படவே இல்லை.

இரண்டில் ஒன்று போயாக வேண்டும். பிறந்தநாள் மச்சானுக்கு இல்லை. எனவே கத்திரி மச்சானை எல்லாப் படத்திலிருந்தும் அழித்து, அவன் நின்ற இடத்தில் திரைச்சீலையும் சுவரும் செடியும் நிரப்பினார். அவன் கையை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அழித்தால் மாமனாரின் தோளும் சேர்ந்து போகிறது. விட்டால் ஆளில்லாத கை ஒன்று சுவரிலிருந்து நீண்டு வந்து பெரியவரின் தோளைப் பிடிக்கிறது. கைமேல் ஒரு பட்டாம்பூச்சியை உட்கார வைத்தார். பெரிய பட்டாம்பூச்சி.

மனைவி இந்தத் தடவை கேலி செய்யவில்லை. அண்ணன் வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து அம்மா அவன் படத்தைப் பார்த்துத்தான் பொழுதை ஓட்டுகிறாள், ஆல்பத்தைத் திறந்ததும் அவனைத்தான் தேடுவாள், பிள்ளை இருந்த இடத்தில் பூச்சியைப் பார்த்தால் வீடு ரெண்டுபடும் என்று நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தாள் திருத்தப் போய்விட்டாள். கத்திரிக்கும் மாமியாரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

மச்சானைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் பழைய முகத்தோடு நிறுத்தினால் பழையபடி இரட்டையர். அவனுக்கு வேறு முகம் வேண்டும். அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில், அதே அளவில் ஒரு முகத்துக்கு எங்கே போவது?

கத்திரி 'துண்டு துணுக்கு' பக்கம் திரும்பினார்.

அங்கே மாமனாரிடமிருந்து வெட்டிய வாய், கண், புருவம், கன்னம் எல்லாம் எந்தப் படத்திலிருந்து வந்தவை என்ற குறிப்போடு பத்திரமாக இருந்தன. எடுத்து மச்சானுக்கு வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தன. சுருக்கங்களைத் தேய்த்து எடுத்து, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றியதும் ஒட்டு போட்டதே தெரியவில்லை. ஒரே குறை, மச்சான் எல்லா இடத்திலும் கடுகடுவென்று நின்றான். ஆனால் அவன் ஊரில் இல்லை. லீவுக்கு வரும்போது பார்த்துவிட்டுக் கேட்டால், மன்னிப்புக் கேட்டு ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுத்துவிடலாம்.

"அண்ணன் இருக்கானா?" என்று மேசைக் கோடியிலிருந்து குரல் வந்தது.

"இருக்கார்."

"அப்பா சிரிக்கிறாரா?"

"சிரிக்கிறார்."

எழுந்து வந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை. ஒரு வகுப்புத் தாள் முழுக்க பாக்கி இருந்தது.

பிரிண்ட் கடைக்காரர் பக்கங்களை அடுக்கி பைண்டிங் போடும்போது, பெரியவர் ரொம்ப ஜாலியான ஆள் போலிருக்கிறதே என்றார். கத்திரிக்குக் காது குளிர்ந்தது. பக்கத்தில் நிற்கிற இளைஞருக்குத்தான் என்னவோ கடுப்பு என்று அவர் தொடர்ந்தபோது, வெளியூர் வேலை, அலைச்சல் ஜாஸ்தி என்று சமாளித்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு ஹாலில் கேக் வெட்டியாயிற்று. மாமியார் தட்டும் ஸ்பூனும் எடுத்துவர உள்ளே போனார். மனைவி மெழுகுவத்திகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திரி ஆல்பத்தை நீட்டினார். இத்தனை வயசில் ரிப்போர்ட் கார்டு காட்டுகிற பையனைப் போல நிற்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். "ம்" வரவில்லை. அடுத்த பக்கம். அதற்கும் வரவில்லை. ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். நடுவில் ஒரு தடவை தன் வழுக்கையை மெதுவாகத் தடவிக்கொண்டார். கடைசிப் பக்கம் முடிந்தது. கத்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மாமனார் மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

மனைவி மெழுகுவத்திகளைக் கீழே வைத்துவிட்டாள். ஏனென்றால் அப்பாவின் உதடு ஒரு பக்கமாக விரிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பல்கூடத் தெரிந்தது. சந்தேகமே இல்லை, மனிதர் சிரிக்கிறார். மொபைலை எடுக்க வேண்டும் என்றுகூடக் கத்திரிக்குத் தோன்றவில்லை.

"உட்காருங்க மாப்பிள்ளை," என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார் மாமனார். இதுவரை நடக்காத காரியம். கத்திரி உட்கார்ந்தார்.

"தலை நிறைய முடியெல்லாம் வச்சு, தொப்பையக் கரைச்சு, என்னை இவ்வளவு லட்சணமா யாருமே காட்டினதில்ல," என்றார் மாமனார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒண்ணுதான் புரியல. எல்லாப் பக்கத்துலயும் நான் தோள்ல கை போட்டுப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேனே, இந்தப் பல்லைக் காட்டற கிழவர் யாரு?"