சர்நேம் கேட்ட கம்ப்யூட்டர்

தமிழனுக்குச் சர்நேம் கிடையாது. இந்தச் சின்ன உண்மையை டெல்லியில் யாருக்கும் விளங்க வைக்க முடியாது. (நான் முயன்று தோற்றவன்.)

தொண்ணூறுகளின் கடைசியில், லோதி ரோட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. வந்தது, போனது எல்லாவற்றையும் அவரவர் பெயரில் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அது பதியாது. 'டொய்ங்' என்று கத்தும்.

மேலாளர் சோப்ராவிடம் கேட்டேன். நிமிராமலே, "அரே, பாப் கா நாம் டால் தோ" என்றார். அப்பா பெயரைப் போடச் சொன்னது அவர். போட்டது மட்டுமே நான்!

ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க, மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருந்த கு. ராகவன் என்ற அதிகாரியை அழைத்தோம். எங்கள் கட்டட அனுமதி அவர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரோ சர்நேம் கட்டத்தில் நான் போட்ட அவர் அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு, 'மதிப்புக்குரிய திரு. குப்புசாமி' என்று அவர் வீட்டு விலாசத்துக்கு அழைப்பை அடித்துத் தள்ளியது. 'அவசியம் வருகிறேன் – குப்புசாமி' என்று பதில் வந்தது. அதையும் சிரத்தையாகப் பதிந்தேன். (மூளையையும் அந்தக் கம்ப்யூட்டரிடமே ஒப்படைத்திருந்தேன்.)

விழாவன்று ஜரிகை வேட்டியும் மஃப்ளருமாக ஒரு பெரியவர் வந்து இறங்கினார். பின்னால் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர். ராகவனை நேரில் பார்த்திராத சோப்ரா பெரியவருக்கு மாலை போட்டார். ஃப்ளாஸ்க்காரருக்கு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை.

பெரியவர் தமிழில் பேசினார். பிள்ளை வளர்ப்பு பற்றி! என்னை மேடையேற்றி இந்தியில் சொல்லச் சொன்னார்கள்.

"அதோ, ஃப்ளாஸ்க்கோட நிக்கிறானே, என் பையன் ராகவன். இன்னிக்குப் பெரிய ஆபீசர். ஒன்பதாம் கிளாஸ்ல கணக்குல ஃபெயில்!"

நான் மைக்கைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"சொல்லுங்க தம்பி, ஜல்தி!" என்றார் பெரியவர்.

சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராகவன் கூரையைப் பார்த்தார். சோப்ரா என்னைப் பார்த்தார்.

கொடுமையைக் கேளுங்கள். மறு வாரமே கட்டட அனுமதி வந்துவிட்டது. "அப்பா இவ்வளவு சந்தோஷமா இருந்து பார்த்ததில்லை" என்று ராகவனே போன் செய்தார். அந்தப் பெருமையைச் சோப்ரா எடுத்துக்கொண்டார். என்னைத் தபால்தலை ஒட்டப் போட்டார். கேள்வி கேட்க ஆளில்லை!

வீட்டிலாவது நியாயம் கிடைக்குமா? இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை வந்தால் என் மனைவி வாசலிலேயே நிறுத்துகிறாள்: "இது உங்களுக்கா, மாமாவுக்கா? கேட்டுட்டுக் கிளம்புங்க."

ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.